வெற்றிலைப் பெட்டியும் வாய்ப் புற்றும்

(பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கூட்டுறவு நாணயச் சங்கத்தின் அங்கத்தினர் கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்ஸ்பெக்டர் எழுந்தால் தவணை தவறிய கடனைப்பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த ஜாபிதாவைக் காரியதரிசி அவர்கள் முன்னமே வாசித்துவிட்டபடியால் நான் மறுபடியும் அதில் பிரவேசிக்கப் போவதில்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் புகையிலை. பீடி, சுருட்டு, சிகரெட்டு என்று புகைக்கப்படும் புகையிலையன்று. வெற்றிலை பாக்குடன் சேர்த்து மெல்லுவதும், தூளாக்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வதுமான புகையிலை. இதில் கூட்டுறவு இலாகாவுக்கு என்ன கவலை என்று கேட்பீர்கள். இலாகாவின் கவலையைப் பின்னால் கூறுகிறேன். முதலில் எனக்குள்ள கவலையைக் கூற அனுமதி தரவேண்டும்.

என் மனைவி புகையிலை போடுகிறவள். போட்டுவந்தவள் என்று இறந்த காலத்தில் சொல்லவே ஆசை. ஆனால் விட்டு இன்றோடு 37 நாட்களே ஆகின்றன. ஒரு மண்டலங்கூட நிறையவில்லை. வீட்டு விஷயத்தைச் சபையில் எடுத்துரைப்பது மரியாதையாகுமா என்று தயங்கி அவளிடமே கேட்டேன். "தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதை எனக்கு வாரந்தோறும் வாங்கிவந்து கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்" என்றாள். ஆகையால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கிவந்து கொடுத்தவன் நான்தான்.

தலைப்பிரசவத்திற்குப் பின் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போக இயலவில்லை. அடுத்த வீட்டுப் பாட்டியம்மாள், புகையிலைக் காம்பைச் சிறிது கிள்ளி வலிக்கிற இடத்தில் அடக்கிக்கொள் என்று சொன்னார். அப்படிச் செய்ததில் வலி மரத்துப் போயிற்று. பிறகு பல்லையும் பிடுங்கியாயிற்று; புகையிலை மாத்திரம் நின்றுவிட்டது. இது நடந்து 9 வருஷம் ஆகிறது. நம் கிராமங்களில் புகையிலை போடும் ஸ்திரீகளை விசாரித்தால், பாதிப் பேர் கதை இப்படிப் பல்வலியில்தான் ஆரம்பிக்கும். மற்றப் பாதிப் பேர், நடவுக்கும் களையெடுப்பிற்கும் போகையில் பசி தெரியாமல் இருக்கப் போட்டதாகச் சொல்லுவார்கள். ஒருவரும் கெட்டுப்போக வேண்டுமென்று ஆரம்பிப்பதில்லை.

நான் கண்டித்துப் பார்த்தேன். கணக்குப் பேசுவது என் தொழிலாகையால் கணக்கே போட்டுக் காட்டினேன். நாளொன்றுக்கு 20 ரூபாயானால் வருஷத்திற்கு 7,300 ரூபாய். சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால் இத்தனையாக வளர்ந்திருக்கும் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆபீஸில் நான் குடிக்கும் காப்பிக்கும் ஒரு கணக்குப் போடச் சொன்னாள். பிறகு வெற்றிலைப் பெட்டியை எடுத்து ஒளித்து வைத்தேன். மறுநாள் அரிசிப் பானைக்குள் இன்னொரு பொட்டலம் இருந்தது. அப்பாலும் நான் கோபித்துக்கொண்டபோது, அவள் என் கண்ணில் படாமல் போட ஆரம்பித்தாள். குழந்தைகள் மாத்திரம் பார்த்தன. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. சண்டை வேண்டாமென்று நானே சந்தையிலிருந்து வாங்கிவரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இதில் நான் செய்த பெரிய பிழை இன்னதென்று இப்பொழுது தெரிகிறது. சங்கத்துக்குத் தணிக்கைக்கு வந்தால், பெட்டியைத் திறந்து ரொக்கத்தை எண்ணிப் பாராமல் நான் கையெழுத்திடுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். காரியதரிசி எவ்வளவு யோக்கியரானாலும் எண்ணியே தீருவேன். ஆனால் என் வீட்டில் 9 வருஷம் குறிப்பு எழுதினேனே ஒழிய, ஒரு நாளாவது பெட்டியைத் திறந்து பார்த்தவனல்லன். அதாவது, அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவனல்லன்.

சில மாதங்களுக்கு முன் அவள் மிளகாய்ச் சட்டினியைத் தொடாமல் ஒதுக்க ஆரம்பித்தாள். காரம் பட்டால் வாய் எரிகிறது என்றாள். இரண்டு மூன்று தினங்கள் மோரில் கரைத்துச் சாப்பிட்டாள். ஒரு காலையில் முற்றத்துக்கு அழைத்து, சூரிய வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். இடது கன்னத்தின் உட்புறத்தில், அவள் வழக்கமாக ஒதுக்கிக்கொள்ளும் அதே இடத்தில், புளியங்கொட்டை அகலத்திற்கு வெண்மையாக ஒரு படலம் இருந்தது. சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறதோ என்று ஈரத்துணியால் துடைத்தேன். அது போகவில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். அதன்பின் நான்கு நாட்கள் எங்கள் வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் பயத்தை மற்றவர் அறியக்கூடாதென்று இருவருமே நடித்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் நாள் புதுச்சேரிக்குப் போய்ப் பல் வைத்தியரிடம் காட்டினோம். படலத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று அல்ல என்று பதில் வந்தது. ஆனால் புற்றாக மாறக்கூடிய படலம் என்றும், புகையிலையையும் பாக்கையும் இன்றே விட்டு, மூன்று மாதத்திற்கு ஒரு தரம் வந்து காட்டவேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். அடுத்த முறை போகவேண்டியது வருகிற மாதம்.

அந்த டாக்டரிடமும், பின்னர் படித்தும் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்குச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

புகையிலையில் நிக்கோடின் என்ற வஸ்து உண்டு. விடமுடியாமல் பிடித்து வைப்பது அதுவே. புற்றை உண்டாக்குவதில் முக்கியமானவை நைட்ரோஸமீன் என்று சொல்லப்படும் வேறு சில வஸ்துக்கள். புகையிலையைப் பதப்படுத்தி முதிரவைக்கும்போது இவை உண்டாகின்றன. புகையிலையை மணிக்கணக்காக ஒரே இடத்தில் அடக்கிக்கொண்டால், உமிழ்நீரில் கரைந்து அவ்விடத்துச் சவ்வில் ஊறுகின்றன. சுண்ணாம்பு அச்சவ்வைப் புண்ணாக்கி உள்ளே இழுக்கும் வேலையைச் சுலபமாக்குகிறது. இரவில் வாயில் அடக்கிக்கொண்டே தூங்குகிறவர்களின் நிலை இன்னும் மோசம். கருவுற்ற ஸ்திரீகள் போட்டால் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது என்பதும் தெரிந்த விஷயமே.

இதையெல்லாம் டாக்டர்கள் இப்பொழுது புதிதாகக் கண்டுபிடித்துப் பயமுறுத்துகிறார்கள் என்று எண்ணவேண்டாம். கன்னியாகுமரி ஜில்லாவில் நெய்யூர் என்றோர் ஊர் இருக்கிறது. அது திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த காலத்தில் அங்கே லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று பிரசித்தி பெற்று விளங்கிற்று. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் ஏழை ஜனங்கள் வாய்ப் புற்றுடன் அங்கே நடந்தும் கட்டிலில் தூக்கப்பட்டும் வந்தார்கள். பெண்டால் என்ற டாக்டர், திருவாங்கூரில் கண்ட புற்றுநோயாளிகள் 1,700 பேரைப்பற்றிய விவரத்தை 1908-ம் வருஷத்திலேயே இங்கிலாந்தின் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். ஆர் என்ற டாக்டர், வெற்றிலை மெல்லுவோருக்கு வரும் வாய்ப் புற்றைப்பற்றி 1933-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். ஸோமர்வெல் என்பவரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1922-லும் 1924-லும் எவரெஸ்டு சிகரத்தில் ஏற முயன்ற கோஷ்டிகளில் இருந்தவர். முதல் தடவை மலையிலிருந்து இறங்கித் தெற்கே சுற்றுப்பிரயாணம் வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து, லண்டனில் கிடைக்கக்கூடிய பெரிய உத்தியோகத்தை விட்டு இங்கேயே ஊழியம் செய்யத் தங்கினார். உலகத்தின் உச்சிக்கு ஏறப்போனவரின் கத்திக்கு நெய்யூரில் இடைவிடாத வேலை கொடுத்த நோய்களில் ஒன்று, நம் வெற்றிலைப் பெட்டியிலிருந்து வந்த இந்நோய். ஆக, நூறு வருஷத்திற்கு மேலாகத் தமிழ் பேசும் பூமியிலேயே தெரிந்திருந்த உண்மையை நாம் இன்னும் நம் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவரவில்லை.

இவ்விடத்தில் பெரியவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். புகையிலையைத் தள்ளிவிடுகிறோம், வெறும் வெற்றிலை பாக்கில் என்ன தோஷம், அது மங்கலப் பொருளல்லவா என்பார்கள். இதற்குப் பதில் சொல்வது எனக்குச் சங்கடமான காரியம். என் கல்யாணத்திலும் தாம்பூலம் மாற்றித்தான் நிச்சயம் செய்தார்கள். இருந்தாலும் உள்ளதைச் சொல்லவேண்டும். பிரெஞ்சு தேசத்து லியோன் நகரத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. நம்மவர்களில் பலருக்குப் பந்துக்கள் இருக்கும் தேசமாகையால் நகரத்தின் பெயர் உங்களுக்குப் புதிதாயிராது. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை உண்டாக்கும் என்று 1985-ல் தீர்மானித்த அந்நிலையம், புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கு தனியாகவும், அவ்வாறே புற்றை உண்டாக்கும் என்று 2004-ல் வெளியிட்டது. தைவான் தீவில் பாக்கைப் புகையிலையின்றியே மெல்லுகிறார்கள். அங்கும் வாய்ப் புற்று மிகுதி. பாக்கினால் வேறொரு தீங்கும் உண்டு. கன்னத்தின் உட்சதை இறுகிக் கயிறுபோல் தடித்து, வாய் வரவரத் திறக்காமல் போகிறது. பொட்டலத்தில் வரும் பாக்குத்தூளைச் சதா வாயில் போட்டுக்கொள்ளும் வாலிபர்களிடம் இதைக் காணலாம். இறுகிய சதை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வெற்றிலையின்மேல் குற்றமில்லை. மங்கல காரியத்துக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதற்கும், தினம் பத்துத் தடவை மெல்லுவதற்கும் வித்தியாசமுண்டு என்பதையும் நீங்களே அறிவீர்கள்.

இந்திய சர்க்கார் 2016-17-ல் நடத்திய கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 ஆடவரும், 13 ஸ்திரீகளும் புகையில்லாத புகையிலையை உபயோகிக்கிறார்கள். இந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருக்கிறார்களா இல்லையா என்று நான் எண்ணப் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு மனைவியோ புருஷனோ இருக்கிறார்கள் என்பதே இன்று நான் கவனிக்கும் விஷயம். கவலைப்படுவது அவர்கள்தான். அந்தக் கவலையைச் சண்டையாகச் செலவழிக்காமல் கண்ணாக உபயோகிக்கலாம் என்பதற்கு ஒரு சான்று சொல்லுகிறேன்.

திருவனந்தபுரம் ஜில்லாவில் 13 பஞ்சாயத்துக்களை எடுத்துக்கொண்டு 1996-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். சில பஞ்சாயத்துக்களில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று ஜனங்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்லர். சந்தேகத்திற்கிடமானவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். மற்றப் பஞ்சாயத்துக்களை வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். 2005-ல் வெளியான முடிவு யாதெனில், புகையிலை அல்லது மது வழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றினால் ஏற்படும் மரணம், பார்க்கப்பட்ட இடங்களில் 34 சதவிகிதம் குறைந்திருந்தது. இதற்குப் பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வெளிச்சமும், பார்க்கத் தெரிந்த கண்ணும், பார்த்தபின் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற புத்தியும் போதுமாயிருந்தன.

பார்க்கும் விதத்தைச் சொல்லுகிறேன். மாதத்தில் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்; நாங்கள் அமாவாசைக்கு மறுநாள் என்று வைத்திருக்கிறோம். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, பகல் வெளிச்சத்துக்கு எதிராக உட்காரவேண்டும். உதட்டை மேலும் கீழும் மடித்துப் பாருங்கள். கன்னங்களை விரலால் விலக்கி உட்புறம் முழுவதும் பாருங்கள். புகையிலை ஒதுக்கும் பக்கத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். ஈறு, அண்ணம் ஆகியவற்றைப் பார்த்தபின், நாக்கை நீட்டச் சொல்லி இரண்டு ஓரங்களையும், மேலே தூக்கச் சொல்லி அடிப்பாகத்தையும் பாருங்கள். துடைத்தால் போகாத வெண்படலம், வெல்வெட்டுத் துணிபோல் சிவந்த இடம், கையில் தட்டுப்படும் தடிப்பு, காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் காட்டவேண்டும். சிவந்த படலம் வெள்ளையைவிட அபாயமானது. எந்தப் புண்ணானாலும் 14 நாட்களில் ஆறாவிட்டால், பல் குத்தியது, சூடு, வயிற்றுப் புண் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காத்திராதீர்கள். கடைசியாக, அவரவர் கையில் மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்திப் பற்களுக்கிடையில் நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் சதை இறுகிவருகிறதென்று அர்த்தம்.

வலியில்லையே என்று விட்டுவிடுவதுதான் இந்த நோயில் மோசம்போகும் வழி. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும்போது ஆழமாகப் போயிருக்கும். சிறியதாயிருக்கையில் அறுத்தெடுத்தால் பெரும்பாலோர் பிழைத்து, வழக்கம்போல் சாப்பிட்டுப் பேசி வாழ்கிறார்கள். கழுத்தில் கட்டியும் தாடையெலும்பில் அரிப்பும் வந்தபிறகு போனால், தாடையின் ஒரு பாகத்தையே எடுக்கவும், ஆறேழு வாரம் தினந்தோறும் கதிர்ச் சிகிச்சைக்குப் போகவும் நேரிடும். அதற்குப் பிறகும் நிச்சயமில்லை.

இன்னொரு பயம் நம்மிடையே பலமாக வேரூன்றியிருக்கிறது. கத்தி பட்டால் புற்று பரவிவிடும், ஆகையால் துணுக்கு எடுக்க விடாதே என்று சொல்லுவார்கள். என் மாமியாரும் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னார். அந்தப் பயம் எங்கிருந்து வந்ததென்று யோசித்துப் பார்த்தேன். முற்றிப்போன நோயாளிகளே நம் கிராமங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். போனவுடன் துணுக்கு எடுக்கிறார்கள். சில மாதத்தில் நோயாளி இறந்துபோகிறார். ஊரார் கத்தியின்மேல் பழி போடுகிறார்கள். அதற்கு முன் வீணாகப் போன எட்டு மாதத்தின்மேல் யாரும் பழி போடுவதில்லை. வெண்படலங்களில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை; ஆனால் மாறுவது எது, மாறாதது எது என்பது துணுக்கை எடுத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. பழக்கத்தை நிறுத்தினால் சில படலங்கள் தாமே மறைந்தும் போகின்றன.

போகவேண்டிய இடம் தூரத்திலில்லை. வில்லியனூரிலும் பாகூரிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. அங்கே காட்டினால் மேலே அனுப்புவார்கள். புதுச்சேரியில் சர்க்கார் பல் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்த வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில், 2002 முதல் பிராந்தியப் புற்றுநோய் நிலையம் நடந்துவருகிறது. வெளியூர்களிலிருந்து ரெயிலேறி ஜனங்கள் வந்து சேரும் அந்த வாசலுக்கு நாம் பஸ் ஏறினால் போதும். அப்படியிருந்தும் நம்மவர்கள் பிந்தி வருவதற்கு நான் நியாயம் காணவில்லை.

நிறுத்துவதைப்பற்றி அதிகம் சொல்ல எனக்கு யோக்கியதையில்லை. நிறுத்தியவள் அவள். முதல் வாரம் தலைவலியும் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருந்தன. நான் செய்ததெல்லாம், அந்த வாரம் ஏச்சை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்ததும், சந்தையிலிருந்து புகையிலைக்குப் பதில் சோம்பும் ஏலமும் வாங்கிவந்ததுமே. இடையில் ஒரு நாள், வளைகாப்பு வீட்டில், ஒரு முறை போட்டுவிட்டாள். வந்து தானே சொன்னாள். பழைய நானாயிருந்தால் குதித்திருப்பேன். அன்று மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தோம். 37 என்று நான் சொன்னது அந்த எண்ணிக்கைதான். தன்னால் முடியாதவர்களுக்கு டாக்டர்கள் நிக்கோடின் அடங்கிய மெல்லும் பிசினைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதுண்டு. 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் யோசனையும் கேட்கலாம்.

இனி இலாகாவின் கவலை. தவணை தவறிய கடன்களை நான் விசாரிக்கப் போகும் வீடுகளில், பயிர் பொய்த்ததற்கு அடுத்தபடியாக நான் காணும் காரணம் வியாதி. சம்பாதிக்கிற புருஷன் படுக்கையில் விழுகிறான், மனைவி கூலிக்குப் போகாமல் அவனுடன் ஆஸ்பத்திரியில் உட்காருகிறாள், நகைக்கடன் முழுகுகிறது, ஜாமீன்தாரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சைச் செலவு பாரமில்லாமல் நடந்தாலும், இழந்த கூலியை யாரும் திருப்பித் தருவதில்லை.

ஆகையால் நிர்வாக சபையாருக்கு மூன்று வேண்டுகோள்கள். சங்கப் பண்டகசாலையில் புகையிலையும் பாக்குத்தூள் பொட்டலமும் விற்கவேண்டாம் என்று தீர்மானியுங்கள். லாபம் குறையும் என்று பொக்கிஷதார் அவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது, குறையட்டும். பொதுக்கூட்டத் தாம்பூலத் தட்டில் புகையிலை வைக்கும் வழக்கத்தை இந்த வருஷத்தோடு விட்டுவிடுங்கள். வைத்தியத்துக்காகக் கேட்கப்படும் சிறு கடனை மாதக்கூட்டம் வரையில் தள்ளிவைக்காமல், தலைவரும் காரியதரிசியும் உடனே கொடுத்துப் பிறகு சபையின் சம்மதம் பெறும்படி, உபவிதிகளுக்கு உட்பட்டு ஏற்பாடு செய்யுங்கள். விதிகளில் சிக்கலிருந்தால் என்னிடம் எழுதியனுப்புங்கள்; நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கத்தினர்களுக்கு ஒன்று. பெட்டிக்கடைக்குப் போய்ப் புகையிலை வாங்கிவா என்று பிள்ளைகளை அனுப்பாதீர்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பது 2003-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். நூறு வேலைகளுக்கு அனுப்பலாம், இதற்கு வேண்டாம்.

சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் அம்மையாரும் நர்ஸ் அம்மையாரும் நம் வேண்டுகோளுக்கிணங்கி வந்து, கிழக்குத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். என் மனைவியும் அங்கே இருக்கிறாள். ஸ்திரீகளில் கூச்சப்படுகிறவர்கள் அவளிடம் முதலில் பேசலாம். புருஷனும் மனைவியுமாக வந்திருப்பவர்கள் சேர்ந்தே போங்கள். எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை மற்றவர் நின்று கற்றுக்கொள்ளலாம். வெளிச்சம் ஐந்தரை மணி வரையில்தான் நன்றாயிருக்கும். ஆகையால் வந்தனோபசாரத்தைப் பிறகு வைத்துக்கொள்ளும்படி அக்கிராசனர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, நான் உட்காருகிறேன்.